விட்டுவைத்த குறை

பேக்கிங் பகுதியின் மூலையில் இருந்த எடை மெஷினுக்கு அந்தத் தொழிற்சாலையில் இரண்டு வேலைகள். ஒன்று, அட்டைப் பெட்டிகளை நிறுப்பது. இன்னொன்று, வருஷத்துக்கு ஒருமுறை குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பது.

தொழிற்சாலை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நீளமான ஒரு தகரக் கூரை, அதன் கீழே ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் மெஷின்கள், எந்நேரமும் ஒரு கருகல் வாசனை. ஆஸ்பத்திரிக் கட்டில்களின் கால்களில் மாட்டுகிற சக்கரங்கள் அங்கேதான் தயாராயின. அவளுக்குத் தரப் பிரிவில் வேலை. பிரிவு என்றால் அவளும் ஒரு மேஜையும்தான். எதையும் அளந்து பார்ப்பாள்; அளந்தது சரிதானா என்று மறுபடியும் அளந்து பார்ப்பாள்; வீட்டுக்குப் போகிற வழியில், இரண்டாம் முறை அளந்தபோது கை நடுங்கியிருக்குமோ என்று யோசிப்பாள். அதனால் எல்லோரும் அவளை ‘ஸ்கேல்’ என்று கூப்பிட்டார்கள்.

பெயரை வைத்தவர் அவளுடைய அக்காவின் கணவர். அங்கே அவர்தான் உற்பத்தி சூப்பர்வைசர். வேலை வாங்கிக் கொடுத்து, தன் வீட்டிலேயே தங்க வைத்திருந்ததும் அவர்தான். சேர்ந்த அன்று அவள் வாய்தவறி எல்லோர் முன்னாலும் “அத்தான்” என்று கூப்பிட்டுவிட்டாள். அவ்வளவுதான். எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிட்ட பேக்கிங் கிழவியிலிருந்து லாரி டிரைவர் வரை அத்தனை பேருக்கும் அவர் அத்தான் ஆகிவிட்டார். அக்காவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. “ஊருக்கெல்லாம் அத்தான். வீட்டுக்கு மட்டும் விருந்தாளி” என்று முணுமுணுப்பாள்.

எடை மெஷினின் இரண்டாவது வேலையைப் பற்றி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அத்தான்தான்.

“இங்க பாரு ஸ்கேலு. வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டர் வருவாரு. கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் இல்ல, தரம் பார்க்கிறவரு. அவரு பார்த்துட்டு ‘சரி’ன்னாதான் நம்ம சான்றிதழ் சுவத்துல தொங்கும். சான்றிதழ் தொங்கினாதான் ஆஸ்பத்திரிக்காரங்க சக்கரம் வாங்குவாங்க. புரியுதா?”

“புரியுது.”

“வர்ற மனுஷன் ஒரு குறையாவது எழுதாம போக மாட்டாரு. எதுவுமே கிடைக்கலைன்னா தோண்ட ஆரம்பிப்பாரு. தோண்டினா நமக்குத்தான் தலைவலி. அதனால தட்டுல ஒண்ணு எடுத்து வெச்சிடணும். வர்றவருக்கு வெறும் தட்டா வைக்கிறது?”

அந்தத் தட்டில் வைக்கிற பதார்த்தம்தான் எடை மெஷின். அளக்கிற கருவி ஒவ்வொன்றும் சரியாக அளக்கிறதா என்று பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து காலிபரேஷன் செய்ய வேண்டும். செய்ததும், அடுத்து எப்போது செய்ய வேண்டும் என்ற தேதியோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஆடிட் நெருங்கும்போது எடை மெஷினுக்கு மட்டும் அந்தத் தேதி கடந்து போகும்படி விட்டுவிடுவார்கள். அட்டைப் பெட்டி கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆடிட்டர் வருவார், மெஷினைப் பார்ப்பார், “அடடா” என்பார், ‘மைனர்’ என்று ஒரு சின்னக் குறை எழுதுவார். டீ குடிப்பார். அடுத்த வாரம் புது ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புவார்கள். குறை தீரும். எல்லோருக்கும் மனநிறைவு.

ஆடிட்டர் எப்போதும் பச்சை மைப் பேனாவில் எழுதுவார். அதனால் தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே பச்சை மை. தடித்த கண்ணாடி, தேய்ந்த தோல் பை, படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம். அவளைப் பார்த்ததும் அவளுடைய அக்கா மகளைத்தான் முதலில் விசாரிப்பார்: “எங்க அந்த வாயாடி? பள்ளிக்கூடம் போறாளா, இல்ல பள்ளிக்கூடத்தையே வீட்டுக்கு வரச் சொல்றாளா?”

அவர் எப்போதும் அப்படி இருந்தவர் இல்லை என்று பெரியம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். முதன்முதலில் வந்தபோது, ஓட்ட மெஷின் முன்னால் போய் நின்றாராம். சக்கரத்தின் மேல் பாரத்தை ஏற்றி, மேடும் பள்ளமுமான தட்டின் மேல் ஒரு நாள் முழுக்க ஓட விட்டு, அது தாங்குகிறதா என்று பார்க்கிற மெஷின் அது. தரையில் மண்டியிட்டு, மேலே வைத்திருந்த பாரத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, “பாரம் குறையுதே, ஐயா” என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்குத் தொழிற்சாலை மாதக்கணக்கில் படாத பாடு பட்டது. அதற்குப் பிறகுதான் அத்தான் தட்டில் பரிமாறுகிற வழக்கத்தைக் கண்டுபிடித்தார். பச்சை மையும் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார். அவள் பார்த்த முதல் வருஷம், எடை மெஷினைத் திருப்பி அதன் முதுகில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தார். அடுத்த வருஷம் குனிந்து எட்டிப் பார்த்தார். அதற்கடுத்த வருஷம் தூரத்தில் நின்றபடியே, “என்ன, நம்ம ஆள் சௌக்கியமா?” என்று கேட்டுச் சிரித்தார்.

அவளும் கூடச் சிரித்தாள். அதைப் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

*

இந்த வருஷ ஆடிட்டுக்கு முன்னால், சான்றிதழ் கொடுக்கிற நிறுவனத்திலிருந்து போன் வந்தது. ஆடிட்டர் வழக்கம்போல் வருவார். கூடவே அங்கீகார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து கவனிப்பார். உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார்கள். முதலாளி சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த பிறகுதான் வாரியம் என்ற வார்த்தை அவருக்கு உறைத்தது. அத்தானையும் அவளையும் கூப்பிட்டார்.

“வாரியமாம்யா! இவ்வளவு நாள் இல்லாத வாரியம் இப்ப எதுக்கு? யாராவது புகார் குடுத்துட்டானா?”

“தெரியலையே முதலாளி” என்றார் அத்தான்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதமாக மாலை வகுப்பில் தர மேலாண்மை டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் தேர்வில் இதே கேள்வியை எழுதியிருந்தாள். சான்றளிப்பு என்பது, ஒரு நிறுவனம் தர முறைகளின்படி நடக்கிறது என்று வெளியார் ஒருவர் பார்த்துச் சொல்வது. அங்கீகாரம் என்பது, அப்படிச் சொல்வதற்கு அந்த வெளியாருக்குத் தகுதி இருக்கிறதா என்று அவருக்கும் மேலே இருப்பவர் பார்த்துச் சொல்வது. அங்கீகாரம் கொடுப்பவர்கள் தொழிற்சாலைக்குச் சான்றிதழ் கொடுக்கவும் மாட்டார்கள், பறிக்கவும் மாட்டார்கள். ஆடிட் செய்கிறவர் எப்படிச் செய்கிறார் என்று கூடவே வந்து பார்ப்பார்கள். இதையெல்லாம் உருப்போட்டு, அடிக்கோடிட்டு, இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

“முதலாளி, அவங்க… அவங்க நம்மளைப் பார்க்க வரலைன்னு நினைக்கிறேன். ஆடிட்டரைப் பார்க்க வர்றாங்கன்னு…”

முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா, நம்ம இடத்துக்கு வந்து, நம்ம நாற்காலியில உட்கார்ந்து, நம்ம டீயைக் குடிச்சிட்டு, நம்மளைப் பார்க்காம விட்டத்தையா பார்ப்பாங்க?”

அத்தான் சிரித்தார். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒருவேளை தேர்வில் தப்பாகத்தான் எழுதிவிட்டோமோ என்ற சந்தேகம் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது. புத்தகத்தில் இருப்பது வேறு, நடப்பு வேறாக இருக்குமோ? அனுபவம் உள்ளவர் சொல்கிறார். மூன்று மாதம் படித்த தன் பேச்சுக்கு என்ன மதிப்பு? அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“ஒரு குறை இருக்கக் கூடாது” என்றார் முதலாளி. “ஒண்ணே ஒண்ணுகூட!”

வெளியே வந்ததும் அத்தான் அவள் காதோரம், “அவரு அப்படித்தான் சொல்லுவாரு. எடை மெஷின் அப்படியே இருக்கட்டும். பாவம், மனுஷன் எதையாவது எழுதணும்ல?” என்றார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாரியத்து ஆள் அந்தச் சின்னக் குறையையே பெரிதாக்கிவிட்டால்? ‘வருஷா வருஷம் இதே குறையா?’ என்று கேட்டால்? சான்றிதழ் போய், ஆஸ்பத்திரி ஆர்டர் போய், எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தால்? யாரிடமும் கேட்கவில்லை. அத்தான் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், எடை மெஷினைப் பழைய போர்வையில் சுற்றி, வாடகை வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். “குழந்தைக்கு என்னம்மா?” என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். திரும்பி வரும்போது மெஷினின் முதுகில் புது ஸ்டிக்கர் இருந்தது. மூலையில் பழையபடி ஸ்டிக்கர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டாள். அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார், திட்டினால் மனம் மாறிவிடும் என்று பயம்.

பச்சை மையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அப்போது தோன்றவே இல்லை.

*

வாரியத்திலிருந்து வந்தவர் குள்ளமான ஓர் அம்மா. துணிப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, எப்போதும் பச்சை மைக்கு இரண்டு அடி பின்னால் நின்றார். எதையும் கேட்கவில்லை. யாராவது அவரைப் பார்த்துப் பேசினால், கையால் ஆடிட்டரைக் காட்டினார். அந்த மௌனமே எல்லோரையும் பயமுறுத்தியது. முதலாளி அவருக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அவர் அதில் தன் பையை வைத்துவிட்டு நின்றுகொண்டார்.

பச்சை மை அன்றைக்கு அவர் மாதிரியே இல்லை. குரலைச் செருமிச் செருமிப் பேசினார். பேனாவை மூடினார், திறந்தார். அக்காள் மகளை விசாரிக்கவில்லை. ஓட்ட மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று அத்தான் காலையிலேயே ஓட விட்டிருந்தார். பச்சை மை அதன் முன்னால் ஒரு கணம் நின்றார். பாரத் தகடுகளை நோக்கி அவர் கை போனதை அவள் பார்த்தாள். அதற்குள் அத்தான், “சார், பேக்கிங் பக்கம் போயிடலாமா? டீ அங்கதான் வெச்சிருக்கு” என்றார். கை திரும்பிவிட்டது.

பேக்கிங் பகுதியில் அவர் எடை மெஷின் இருந்த மூலையைத் தூரத்திலிருந்து பார்த்தார். முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது. தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல. பையிலிருந்து பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்து, பச்சை மையில் நாலு வரி எழுதினார்.

கடைசியில் எல்லோரும் முதலாளி அறையில் கூடினார்கள். பச்சை மை தான் கண்டறிந்ததை வாசித்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரேயொரு மைனர். பேக்கிங் பகுதி எடை மெஷினுக்குக் காலிபரேஷன் தேதி கடந்துவிட்டது. எந்தத் தேதியோடு முடிந்தது என்பதையும் வாசித்தார்.

அத்தான் நிம்மதியாகத் தலையாட்டினார். முதலாளியின் முகம் கறுத்தது. மூலையில் அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதுகிற சத்தம் அவளுக்குத் தன் தலைக்குள்ளேயே கேட்டது. நம்மைப் பற்றித்தான் எழுதுகிறார். போயிற்று. எல்லாம் போயிற்று.

“சார்” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “அந்த மெஷின்… அதுக்குப் புதுசா காலிபரேஷன் பண்ணியாச்சு சார். ஸ்டிக்கர் இருக்கு.”

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். பச்சை மை தன் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“அப்படியா?” என்றார். “வாங்க, பார்த்துடலாம்.”

எல்லோரும் வரிசையாகப் போனார்கள். அவர் மெதுவாகக் குனிந்து, மெஷினை இரண்டு கையாலும் திருப்பினார். புது ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. அவர் வாசித்த தேதி அதில் இல்லை. அந்தத் தேதி போன வருஷத்து அறிக்கையில் இருந்தது. அங்கிருந்துதான் அவர் எடுத்திருந்தார். அது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் புரிந்தது, டீக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா உட்பட.

பச்சை மை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தான் எழுதிய நாலு வரியை ஒரே கோட்டில் அடித்தார். காது சிவந்திருந்தது.

“சரியா பண்ணியிருக்கீங்க” என்றார் அவளிடம். “நான்தான் திருப்பிப் பார்க்கலை.”

*

பச்சை மை கை கழுவப் போயிருந்தபோது, அந்த அம்மா துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். அன்று முழுக்க அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“இந்த எடை மெஷின் போன வருஷ அறிக்கையிலயும் இருக்கு. அதுக்கு முந்தின வருஷமும் இருக்கு. ஏன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா? சொல்லித்தான் ஆகணும்னு இல்ல.”

அவள் சொல்ல வேண்டியது ஒரே வரி: ‘நாங்கள்தான் வேண்டுமென்றே விட்டுவைப்போம். அவர் வேறு எங்கேயும் பார்த்துவிடக் கூடாதென்று.’ அது வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளி நின்றுகொண்டிருந்தார். சுவரில் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த அம்மா கையை நீட்டி அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போவது போல ஒரு காட்சி அவள் கண்முன் வந்துபோனது.

“தெரியலை மேடம்” என்றாள்.

அந்த அம்மா தலையை அசைத்தார். “சரி” என்றார். பச்சை மை திரும்பி வந்தார். இருவரும் ஒரே வண்டியில் ஏறினார்கள். ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. “ஒரு குறைகூட இல்ல! வாரியமே வந்து பார்த்தும் ஒண்ணும் இல்ல!” என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னார். அவள் மேஜையில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் அத்தான், “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேற குறையா தீயணைப்பானையாவது மறைச்சு வெச்சிருப்பேன்ல?” என்றார். வேடிக்கைக்குச் சொன்ன மாதிரி இல்லை.

*

அதே வாரம் மாலை வகுப்பில் திருத்திய தேர்வுத் தாள்களைக் கொடுத்தார்கள். சான்றளிப்புக்கும் அங்கீகாரத்துக்கும் வேறுபாடு கேட்ட கேள்விக்கு அவளுக்கு முழு மதிப்பெண். ஓரத்தில் ‘தெளிவான விடை’ என்று எழுதியிருந்தது.

குழல்விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்த அந்த வகுப்பறையில், தன் கையெழுத்தைத் தானே மறுபடி மறுபடி படித்தாள். அங்கீகாரம் கொடுப்பவர்கள் தொழிற்சாலைக்குச் சான்றிதழ் கொடுக்கவும் மாட்டார்கள், பறிக்கவும் மாட்டார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அந்த அம்மா அவர்களைப் பார்க்க வரவே இல்லை. அன்று முழுக்க அவர் கண் ஒரே ஒரு ஆள் மேல்தான் இருந்தது. அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் சான்றிதழை அவர் தொட்டிருக்கக்கூட மாட்டார். ‘இந்த மனுஷர் ஒரு காலத்தில் மண்டியிட்டுப் பார்த்தவர், நாங்கள்தான் ஊட்டி ஊட்டிக் கண்ணைக் கெடுத்தோம்’ என்பது எங்காவது ஒரு வரியாகவாவது ஏறியிருக்கும்.

அப்படி ஏறியிருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்குமா என்பதும் அவளுக்கு நிச்சயமில்லை. இன்னும் மோசமாக்கியிருக்கவும் கூடும். ஆனால் சொல்லாமல் விட்டது அதற்காக இல்லை. சுவரில் தொங்குகிற ஒரு கண்ணாடிச் சட்டத்துக்காக. அதுவும் யாரும் கைவைக்க வராத ஒரு சட்டத்துக்காக.

கொஞ்ச நாளில் சான்றிதழ் நிறுவனத்திலிருந்து போன் வந்தது: அடுத்த வருஷத்திலிருந்து உங்களுக்கு வேறு ஆடிட்டர்.

“ஏன்?” என்று கேட்டாள்.

“சார் இனிமே வெளிய ஆடிட்டுக்குப் போகமாட்டாருங்க. ஆபீஸ் வேலைக்கு மாத்திட்டாங்க” என்றது மறுமுனைக் குரல்.

*

அந்த நிறுவனத்தின் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டு செங்குத்து. முழங்கால் வலிக்காரர் தினமும் இதில் எப்படி ஏறுகிறார் என்று நினைத்துக்கொண்டே ஏறினாள். ஜன்னலோர மேஜையில், இரு பக்கமும் குவிந்த கோப்புகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். மற்ற ஆடிட்டர்கள் எழுதிக் கொண்டுவருவதில் கையெழுத்து, தேதி, பக்க எண் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கிற வேலை. அவளைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அட, வாங்கம்மா! வாயாடி சௌக்கியமா?”

“சௌக்கியம் சார்.”

“உட்காருங்க. இங்க பாருங்க, ஏசி ரூம். வெயில் இல்ல, ரப்பர் நாத்தம் இல்ல. ராஜ வாழ்க்கை.”

அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒரே மூச்சில் வந்தது. “சார், அந்த மெஷினை நாங்கதான் வருஷா வருஷம் விட்டு வெச்சோம். வேணும்னேதான். அன்னைக்கு அந்த மேடம் கேட்டாங்க. நான் தெரியலைன்னு சொல்லிட்டேன். இப்ப எழுதிக் குடுக்கிறேன். யார்கிட்ட குடுக்கணும்?”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மெதுவா பேசுங்க. இது எந்த இடம்னு நினைச்சீங்க? உங்க சான்றிதழ்ல கையெழுத்து போடுற இடமே இதுதான். அந்த அம்மாகிட்ட சொல்லியிருந்தா என்னைத்தான் கேட்டிருப்பாங்க. இங்க சொன்னா உங்களைக் கேப்பாங்க.”

“பரவாயில்ல சார்.”

“உங்களுக்குப் பரவாயில்ல. அங்க அச்சு மெஷின்ல நிக்கிறவங்களுக்கு?” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “விட்டுவெக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதா? எல்லா இடத்துலயும் விடுவாங்கம்மா. ஒரு இடத்துல தீயணைப்பான், ஒரு இடத்துல கையெழுத்து போடாத தாள். எடுத்துக்குவேன். சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், முழங்காலும் திட்டாது. நீங்க வெச்சீங்க, நான் சாப்பிட்டேன். தப்பு சாப்பிட்டவன்மேல. பரிமாறினவங்களை எதுக்குக் குத்தம் சொல்லணும்?”

அவர் ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறு யாரையோ விசாரிப்பது போன்ற குரலில் கேட்டார்:

“அன்னைக்கு நான் எதைப் பார்க்காம விட்டேன்?”

அவள் மேஜை மேல் குவிந்திருந்த கோப்புகளைப் பார்த்தாள்.

“எடை மெஷினை எதுக்கு அந்தக் கோடியில வெச்சாங்க? எதுலருந்து என்னை நகர்த்திட்டுப் போனாங்க?”

“ஓட்ட மெஷின் சார்.”

“பாரம் குறையுதா?”

“பாரம் சரியா இருக்கு. நேரம்தான். நாள் முழுக்க ஓடணும். ஷிப்ட் முடிஞ்சதும் நிறுத்திடுவாங்க. மறுநாள் வேற சக்கரத்தை ஏத்துவாங்க.”

அவர் முதுகு நிமிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்திராத ஒரு முகம் அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. பெரியம்மா சொன்ன ஆள் இவர்தான் என்று அவளுக்குப் பட்டது.

“எப்பவுமா? அவசர ஆர்டர் வந்தா மட்டுமா?”

“முதல்ல அவசரத்துக்கு மட்டும். இப்ப எப்பவுமே.”

“நிறுத்தச் சொல்றது யாரு?”

அவள் தயங்கினாள். “அத்தான்.”

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘உடையிற சக்கரம்னா சாயங்காலத்துக்குள்ள உடைஞ்சிடும்’னாரு.”

“பாதி ஓடினதுல தேறிச்சுன்னு போன சக்கரம் எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னு எடுக்க முடியுமா?”

“முடியும் சார். பெட்டியிலயே எண் இருக்கு.”

“அப்ப இது மைனர் இல்லம்மா” என்றார். “மேஜர்.”

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனாவைத் திறந்து, எதிரே கிடந்த வெற்றுத் தாளில் ‘ஓட்ட மெஷின்’ என்று எழுதினார். அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தபடி சற்று நேரம் இருந்தார். கதவுக்கு வெளியே யாரோ ஒருவர், “சார், அந்தப் பழைய கோப்புக்கெல்லாம் பக்க எண் போட்டாச்சா?” என்று கேட்டார்.

“இதோ, போட்டுக்கிட்டே இருக்கேன்” என்று குரல் கொடுத்தார். எழுதியதை ஒரே கோட்டில் அடித்தார். பேனாவை மூடினார்.

“இதை எழுத எனக்கு இப்ப அதிகாரம் இல்ல. நீங்க எழுதலாம். உள்ளேயே குறை கண்டா எழுதுறதுதான உங்க வேலை? யாரும் வந்து பார்க்கணும்னு இல்ல.”

அவள் சரி என்று தலையாட்டினாள். இன்னும் ஏதோ சொல்ல நினைத்தாள். அவர் அதற்குள் ஒரு கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் எழுதினாள், நீல மையில். முதலாளி கத்தினார். விற்ற சக்கரங்களைத் திரும்ப வரவழைக்க வேண்டியிருந்தது. அத்தான் வீட்டில் அவளோடு பேசுவதை நிறுத்தினார். அக்கா நடுவில் நின்று இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள். ஆனால் ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஓட்ட மெஷினை நிறுத்த யாரும் கைவைக்கவில்லை.

அப்படி நிறுத்தாமல் ஓடிய முதல் நாள் சாயங்காலம் அவள் அதன் பக்கத்தில் நின்று கேட்டாள். தட்டின் மேட்டில் சக்கரம் ஏறி இறங்குகிற சத்தம், ஆளில்லாத அந்தக் கூரையின் கீழ் தெளிவாகக் கேட்டது. குனிந்து, முழங்கால்களைத் தரையில் ஊன்றி, பாரத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தன. சந்தேகம் வந்து மறுபடியும் தொட்டாள். சிமெண்ட் தரை முழங்காலைக் குத்தியது. அந்த மனுஷர் இந்தத் தரையில் எத்தனை நேரம் இருந்திருப்பார் என்று நினைத்தபோது, எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே இருந்தாள்.